புரதக் கட்டமைப்பு, செயல்பாடு, புரோட்டியோமிக்ஸ் ஆய்வுகளை வெளியிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரதங்களின் கட்டமைப்பையும் செயல்பாட்டையும் ஆராய்பவர்களும், ஓர் உயிரணுவிலோ திசுவிலோ உள்ள புரதங்களை ஒருசேர அளக்கும் புரோட்டியோமிக்ஸ் துறையினரும், முதல் ஆய்வுக் கட்டுரையை எழுத உட்காரும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கட்டுரை எழுதுபவராகவும் மதிப்பாய்வாளராகவும் பல ஆண்டுகள் புழங்கியதில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே பதிலாக எழுதியிருக்கிறேன். நீங்கள் எட்டிய முடிவை, உங்களை அறியாத ஒருவர், உங்கள் உதவியின்றி, உங்கள் தரவைக் கொண்டே சோதித்துப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஒரு புரதத்தின் கட்டமைப்பைக் கண்டறிந்துவிட்டேன். அது மட்டுமே ஒரு கட்டுரைக்குப் போதுமா?

ஒரு காலத்தில் போதுமானதாக இருந்தது. 1958இல் ஜான் கெண்ட்ரூவின் குழு மயோகுளோபினின் வடிவத்தை வெளியிட்டபோது, ஒரு புரதத்துக்கு இப்படியொரு முப்பரிமாண உருவம் இருக்கிறது என்பதே உலகுக்குப் புதிய செய்தி. 1971இல் புரதத் தரவு வங்கி தொடங்கப்பட்டபோது அதில் 7 கட்டமைப்புகள்தான் இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனவே ஆய்விதழின் ஆசிரியர் உங்களிடம் முதலில் கேட்பது, இந்த வடிவம் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைத்தான். ஒரு நொதி தன் வினைப்பொருளை எப்படி அடையாளம் காண்கிறது, ஒரு பிறழ்வு ஏன் நோயை உண்டாக்குகிறது, இரண்டு புரதங்கள் எந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன என்பவை போன்ற கேள்விகளில் ஒன்றையாவது கட்டமைப்பு தீர்த்துவைக்க வேண்டும். அந்தத் தீர்வை ஒரு பிறழ்வுச் சோதனையோ பிணைப்பு அளவீடோ உறுதிசெய்ய வேண்டும்.

ஆனாலும் கட்டமைப்பை மட்டும் சுருக்கமாக வெளியிட இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். படிகவியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிடும் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகாவின் எஃப் பிரிவு இத்தகைய சிறு கட்டுரைகளுக்காகவே இருக்கிறது. பெரிய கதை ஒன்று கிடைக்கட்டும் என்று நல்ல கட்டமைப்பை ஆண்டுக்கணக்கில் கணினிக்குள் பூட்டிவைப்பதைவிட, சிறிய கட்டுரையாகவேனும் அதை வெளியே கொண்டுவருவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

எந்த ஆய்விதழுக்கு அனுப்புவது?

உங்கள் கட்டுரையை யார் படிக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கட்டமைப்பே மையமாக இருந்தால் 1986 முதல் வரும் ப்ரோட்டீன்ஸ், 1992இல் தொடங்கிய ப்ரோட்டீன் சயின்ஸ், 1993இல் தொடங்கிய ஸ்ட்ரக்சர், ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகாவின் டி பிரிவு ஆகியவை உள்ளன. நொதியின் வினைவேகமும் செயல்முறையும் மையமாக இருந்தால் 1905இலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி போன்றவை பொருந்தும். புரோட்டியோமிக்ஸ் ஆய்வுகளுக்கு 2001இல் தொடங்கிய ப்ரோட்டியோமிக்ஸ், 2002இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ப்ரோட்டியோம் ரிசர்ச், மாலிகுலர் அண்ட் செல்லுலார் ப்ரோட்டியோமிக்ஸ் ஆகியவை இருக்கின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்ததும், அதன் கடைசி இரண்டு ஆண்டுக் கட்டுரைகளில் உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான நான்கைந்தைப் படித்துவிடுங்கள். எவ்வளவு சான்றை அந்த ஆய்விதழ் எதிர்பார்க்கிறது என்பது, அதன் வழிகாட்டிப் பக்கத்தைவிட அந்தக் கட்டுரைகளிலிருந்தே தெளிவாகத் தெரியும்.

கட்டமைப்புத் தரவை எங்கே, எப்போது ஒப்படைக்க வேண்டும்?

கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே புரதத் தரவு வங்கியில் ஒப்படைத்துவிடுங்கள். மதிப்பாய்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், ஒப்படைக்கும் நேரத்தில் பிழை தென்பட்டு, ஏற்கப்பட்ட கட்டுரையின் படங்களையும் அட்டவணையையும் திருத்த நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அணுக்களின் ஆயத்தொலைகளை மட்டும் கொடுத்தால் போதாது. எக்ஸ் கதிர் படிகவியலில் கட்டமைப்புக் காரணிகளையும் (படிகத்தில் சிதறிய கதிர்களிலிருந்து பெற்ற அளவீடுகள்), அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் தொலைவுக் கட்டுப்பாடுகளையும் சேர்த்துத் தர வேண்டும் என்பது 2008 பிப்ரவரி முதல் கட்டாயம். குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி முறையில் முப்பரிமாண வரைபடம் அதற்கான தனி வங்கிக்குப் போகிறது. இவற்றுக்கும் முந்தைய மூலப் படங்களைத் தருவது பெரும்பாலும் கட்டாயமில்லை, ஆனாலும் தாருங்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கு எம்பியர் என்ற காப்பகம் இருக்கிறது. சிதறல் படங்களுக்கும் தனிக் காப்பகங்கள் உள்ளன. பத்து ஆண்டுகள் கழித்து இன்னும் நல்ல மென்பொருள் வரும்போது, மறுபடியும் கணக்கிட்டுப் பார்க்க மூலப் படங்கள் இருந்தால்தான் முடியும்.

முன்கூட்டியே ஒப்படைத்தால் போட்டிக் குழுக்கள் பார்த்துவிடமாட்டார்களா?

மாட்டார்கள். கட்டுரை வெளிவரும்வரை நிறுத்திவைக்குமாறு ஒப்படைக்கும்போதே நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். அதற்கான உச்ச வரம்பு ஓராண்டு. கட்டுரை வெளியானதும், அடுத்து வரும் வாராந்தர வெளியீட்டில், அதாவது உலகப் பொது நேரப்படி புதன்கிழமை நள்ளிரவு பிறக்கும்போது, உங்கள் கட்டமைப்பும் பொதுவெளிக்கு வந்துவிடும். ஓராண்டுக்குள் கட்டுரை வராவிட்டால் தரவை வெளியிடவோ திரும்பப் பெறவோ வேண்டும். திரும்பப் பெறுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சரிபார்ப்பு அறிக்கையில் மதிப்பாய்வாளர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

தரவு வங்கி உங்களுக்குத் தரும் சரிபார்ப்பு அறிக்கையைக் கட்டுரையோடு சேர்த்தே அனுப்புங்கள். பல ஆய்விதழ்கள் அதைக் கேட்கின்றன. கேட்காத இடத்திலும், தானாக முன்வந்து கொடுப்பவர் மீது மதிப்பாய்வாளருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

நான் முதலில் பார்ப்பது பிரிதிறனையும் (எவ்வளவு நுண்ணிய விவரம் வரை தெரிகிறது என்பதன் அளவு), ஆர் மதிப்புக்கும் கட்டற்ற ஆர் மதிப்புக்கும் உள்ள இடைவெளியையும். ஆர் மதிப்பு என்பது மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு; ஒதுக்கிவைத்த தரவில் அதையே கணக்கிட்டால் கட்டற்ற ஆர் மதிப்பு. மாதிரியைச் செம்மைப்படுத்தும்போது தரவில் 5 முதல் 10 விழுக்காட்டைத் தனியே ஒதுக்கிவைத்து, பிறகு அந்த ஒதுக்கிய பகுதியைக் கொண்டே மாதிரியைச் சோதிக்கும் இந்த வழியை 1992இல் ஆக்சல் புரூங்கர் முன்வைத்தார். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால், மாதிரி தரவுக்கு மிஞ்சி வளைக்கப்பட்டிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

அடுத்தது ராமச்சந்திரன் வரைபடம். ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் வெளியிட்ட அந்தச் சிறிய கட்டுரை, பெப்டைடுச் சங்கிலியின் முதுகெலும்பு எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பதை வரையறுத்தது. அரை நூற்றாண்டைக் கடந்த பின்னும் ஒவ்வொரு புதிய கட்டமைப்பும் அந்த வரைபடத்தின் முன் நின்றாக வேண்டியிருக்கிறது. விலக்கப்பட்ட பகுதியில் ஓரிரு அமினோ அமிலங்கள் இருப்பது குற்றமில்லை. நொதியின் வினைமையத்தில் இறுக்கமாக வளைந்த அமினோ அமிலம் உண்மையிலேயே அங்கே விழக்கூடும். அப்படியானால் அதன் எலெக்ட்ரான் அடர்த்தியைப் படமாகக் காட்டி, ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அதிகமாகச் சறுக்கும் இடம் பிணைமூலக்கூறுதான், அதாவது புரதத்தோடு பிணைந்திருக்கும் மருந்து போன்ற சிறு மூலக்கூறு. ஒரு மருந்து மூலக்கூறு புரதத்தின் குழியில் அழகாகப் பொருந்தியிருப்பதாகக் காட்டிய கட்டுரை ஒன்று ஒருமுறை மதிப்பாய்வுக்கு வந்தது. ஆயத்தொலைகளையும் வரைபடத்தையும் ஆசிரியரிடம் கேட்டுப் பெற்று, மூலக்கூறை நீக்கிவிட்டுக் கணக்கிட்ட வேறுபாட்டு வரைபடத்தை 3 சிக்மா அளவில் (இரைச்சலைவிட எவ்வளவு மேலெழுந்த அடர்த்தியைக் காட்டுவது என்பதற்கான வரம்பு) திறந்து பார்த்தேன். மருந்தின் இரட்டை வளையம் இருக்க வேண்டிய இடத்தில் அடர்த்தியே இல்லை. வால்பகுதி என்று காட்டப்பட்ட இடத்தில் மட்டும் சிறு திட்டு ஒன்று இருந்தது. படிகத்தை உறைய வைக்கச் சேர்த்த கிளிசராலை அந்த இடத்தில் வைத்தபோது அது அப்படியே பொருந்தியது. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் நேர்மையானவர்கள்தான். காண விரும்பியதைக் கண்டுவிட்டார்கள், அவ்வளவே. இது யாருக்கும் நேரலாம். எனவே பிணைமூலக்கூறைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு கட்டுரையிலும், அதை நீக்கிக் கணக்கிட்ட வரைபடத்தை, எந்தச் சிக்மா அளவில் வரைந்தீர்கள் என்ற குறிப்போடு, முதன்மைப் படங்களில் ஒன்றாகவே வையுங்கள்.

குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

இரைச்சலிலிருந்து உருவம் பிறந்துவிடும் ஆபத்துதான். வெறும் இரைச்சல் மட்டுமே கொண்ட ஆயிரம் படங்களை ஐன்ஸ்டைனின் நிழற்படத்தோடு பொருத்தி அடுக்கிச் சராசரி எடுத்தால், அதில் ஐன்ஸ்டைனின் முகமே தெரியும் என்பதை 2013இல் ரிச்சர்ட் ஹெண்டர்சன் எடுத்துக்காட்டினார். மாதிரியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவுசெய்து அந்த வார்ப்பைக் கொண்டே துகள்களைத் தேடினால், அந்த வார்ப்புதான் திரும்பக் கிடைக்கும். ஆகவே தொடக்க மாதிரி எங்கிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். தரவை இரண்டு பாதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டதைச் சொல்லுங்கள். இரு பாதிகளின் ஒத்திசைவு 0.143 என்ற அளவுக்கு இறங்கும் இடத்தைப் பிரிதிறனாகக் குறிப்பிடும்போது, முழு வளைகோட்டையும் காட்டுங்கள். வரைபடத்தின் நடுவில் 2.8 ஆங்ஸ்ட்ராமும் விளிம்பில் 5 ஆங்ஸ்ட்ராமும் இருக்கும்போது ஒற்றை எண்ணை மட்டும் சொல்வது வாசகரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். பகுதிவாரிப் பிரிதிறனை வண்ணமிட்டுக் காட்டுவது அதனால்தான் வழக்கமாகியிருக்கிறது.

நிறை நிறமாலைத் தரவை எங்கே ஒப்படைப்பது?

நிறை நிறமாலை என்பது மூலக்கூறுத் துண்டுகளின் நிறையை அளந்து புரதங்களை அடையாளம் காணும் முறை. அதன் தரவை, புரோட்டியோம்எக்ஸ்சேஞ்ச் கூட்டமைப்பைச் சேர்ந்த ஏதேனும் ஒரு காப்பகத்தில் ஒப்படைக்கலாம். ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் 2004இலிருந்து நடத்தும் பிரைடு அவற்றுள் பழமையானவற்றில் ஒன்று. மாசிவ், ஜேபோஸ்ட், ஐப்ராக்ஸ் ஆகியவையும் அந்தக் கூட்டமைப்பில் உள்ளன. எதில் கொடுத்தாலும் பொதுவான பதிவெண் கிடைக்கும். கட்டுரை வெளிவரும்வரை தரவு மறைவாகவே இருக்கும். மதிப்பாய்வாளர் மட்டும் திறந்து பார்ப்பதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரப்படும். அவற்றை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிட மறந்துவிடாதீர்கள்.

கருவி தந்த மூலக் கோப்புகள், தேடல் மென்பொருளின் முடிவுகள், தேடுவதற்குப் பயன்படுத்திய புரத வரிசைக் கோப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றோடு, எந்தக் கோப்பு எந்த மாதிரிக்குரியது என்று சொல்லும் அட்டவணை ஒன்றும் கட்டாயம் வேண்டும். "ரன்_07_புதியது_இறுதி" என்று பெயரிட்ட அறுபது கோப்புகளைத் திறந்து, எது நோயாளியின் மாதிரி, எது ஒப்பீட்டு மாதிரி என்று தெரியாமல் மூடிவைத்த நாட்கள் எனக்கு உண்டு. அவ்வளவு உழைத்து எடுத்த தரவு, ஓர் அட்டவணை இல்லாததால் யாருக்கும் பயன்படாமல் போவது வருத்தமான விஷயம்.

பொய்க் கண்டறிதல் வீதம் 1 விழுக்காடு என்று எழுதினால் போதாதா?

கண்டறிந்ததாகச் சொல்பவற்றில் எவ்வளவு பங்கு தவறானது என்பதன் மதிப்பீடே இந்த வீதம். எந்த மட்டத்தில் 1 விழுக்காடு என்பதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நிறமாலை மட்டத்தில் 1 விழுக்காடு என்பது புரத மட்டத்தில் அதைவிடப் பல மடங்கு பிழையாக மாறக்கூடும். காரணம் எளியது. உண்மையான பெப்டைடுகள் ஏற்கெனவே கண்டறிந்த புரதங்களின் மீதே மீண்டும் மீண்டும் குவிகின்றன. பொய்யானவையோ தரவுத்தளம் முழுவதும் சிதறி, ஒவ்வொன்றும் ஒரு புதிய புரதத்தைத் தொட்டுவிடுகின்றன. தரவு பெருகப் பெருக உண்மையானவற்றின் எண்ணிக்கை ஓர் எல்லையில் நின்றுவிடும். பொய்யானவை மட்டும் ஏறிக்கொண்டே போகும். எனவே நிறமாலை, பெப்டைடு, புரதம் ஆகிய மூன்று மட்டங்களிலும் வீதத்தைத் தனித்தனியே கணக்கிட்டு எழுதுங்கள். வரிசையைத் தலைகீழாக்கி உருவாக்கிய போலித் தரவுத்தளத்தை எப்படித் தயாரித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

இது பெரிய குழுக்களையும் விட்டுவைக்கவில்லை. மனிதப் புரோட்டியோமின் முதல் வரைவுகள் என்று இரண்டு கட்டுரைகள் 2014இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. இரண்டுமே மகத்தான உழைப்பு. ஆனால் அதே ஆண்டில் அந்தத் தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், மூக்கில் மணத்தை உணர்வதற்கான ஏற்பிப் புரதங்கள் அவற்றுக்குத் தொடர்பே இல்லாத திசுக்களில் கண்டறியப்பட்டதாகப் பட்டியலில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஏற்பிகளுக்கான நிறமாலைகளை எடுத்துப் பார்த்தபோது, சான்று மிகவும் நலிவாக இருந்தது. மூலத் தரவு திறந்திருந்ததால்தான் இதை மற்றவர்கள் சோதிக்க முடிந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இதுவரை யாரும் நிறை நிறமாலையில் காணாத மனிதப் புரதம் ஒன்றைக் கண்டதாகச் சொல்ல விரும்பினால், மனிதப் புரோட்டியோம் திட்டத்தின் வழிகாட்டி வகுத்திருக்கும் அளவுகோலைப் பின்பற்றுங்கள்: அந்தப் புரதத்துக்கு மட்டுமே உரிய, ஒன்றுக்குள் ஒன்று அடங்காத, குறைந்தது 9 அமினோ அமில நீளமுள்ள இரண்டு பெப்டைடுகள் வேண்டும். ஒரே பெப்டைடை நம்பி எழுதுவதானால், அதன் நிறமாலையை முகடுகளுக்குப் பெயரிட்டுத் துணைக்கோப்பில் இணையுங்கள். பாஸ்பேட் போன்ற மாற்றம் எந்த அமினோ அமிலத்தில் அமர்ந்திருக்கிறது என்று சொல்லும்போது, அந்த இடத்துக்கான நிகழ்தகவையும் சேர்த்தே கொடுங்கள்.

எத்தனை முறை அளந்திருக்க வேண்டும்?

ஒரே மாதிரியைக் கருவியில் மூன்று முறை செலுத்துவது கருவியின் சீர்மையைத்தான் காட்டும். உயிரியல் வேறுபாட்டைக் காட்டாது. தனித்தனியாக வளர்த்த, தனித்தனியாகத் தயாரித்த மாதிரிகள் குறைந்தது மூன்றாவது வேண்டும். மனித மாதிரிகள் என்றால் இன்னும் பல வேண்டும். ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே நேரத்தில் ஒப்பிடுவதால், பன்முகச் சோதனைக்கான திருத்தம் செய்யாத நிகழ்தகவு மதிப்புகளை எந்த மதிப்பாய்வாளரும் ஏற்கமாட்டார். விடுபட்ட மதிப்புகளை எப்படி நிரப்பினீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

தோலிலிருந்தும் கம்பளி உடையிலிருந்தும் வரும் கெரட்டின், புரதத்தை வெட்டச் சேர்த்த டிரிப்சினே தன்னைத்தான் வெட்டிக்கொண்டு தரும் துண்டுகள் ஆகியவை ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் இருக்கும். இவற்றைக் கலப்படப் பட்டியலாகத் தேடலில் சேர்த்திருக்க வேண்டும். தோல் நோயை ஆராயும் கட்டுரையில் கெரட்டின் மாறியிருக்கிறது என்று எழுதுபவர் இதில் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டும்.

செயல்பாட்டுச் சோதனைகளை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

இன்னொருவர் அதே எண்ணைப் பெறும் அளவுக்கு விரிவாக எழுத வேண்டும். நொதியின் மைக்கேலிஸ் மாறிலியை (நொதி பாதி வேகத்தை எட்டும் வினைப்பொருள் செறிவு) மட்டும் கொடுத்துவிட்டு வெப்பநிலை, பி.எச். மதிப்பு, தாங்கல் கரைசல், உலோக அயனி, நொதியின் செறிவு ஆகியவற்றை விட்டுவிட்ட கட்டுரைகள் ஏராளம். அந்த மாறிலிகளை வேறெந்த அளவீட்டோடும் ஒப்பிட முடியாது. பைல்ஸ்டைன் நிறுவனத்தின் ஆதரவில் உருவான ஸ்ட்ரெண்டா வழிகாட்டி, எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. எழுதும்போது பார்ப்பதைவிடச் சோதனையைத் திட்டமிடும்போதே அதைப் பார்ப்பது நல்லது.

எந்தப் புரதத்தை வைத்துச் சோதித்தீர்கள் என்பதையும் துல்லியமாகச் சொல்லுங்கள். யூனிப்ராட் என்ற புரத வரிசைத் தரவுத்தளத்தின் பதிவெண், எந்த அமினோ அமிலத்திலிருந்து எதுவரை, நிக்கல் பத்தியில் ஒட்டவைத்துப் பிரித்தெடுப்பதற்காகச் சேர்த்த ஹிஸ்டிடின் வால் நீக்கப்பட்டதா இல்லையா, எந்த உயிரணுவில் உற்பத்தி செய்யப்பட்டது என்பன எல்லாம் வேண்டும். தூய்மைக்கான சான்றும் வேண்டும். ஈ.கோலை பாக்டீரியாவின் ஏக்ஆர்பி என்ற சவ்வுப் புரதம் இதற்கு நல்ல பாடம். அதன் முனையில் இயல்பாகவே ஹிஸ்டிடின்கள் நிறைந்திருப்பதால் நிக்கல் பத்தியில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். சிறிதளவு இருந்தாலே படிகமாகிவிடும். தங்கள் புரதம்தான் படிகமானது என்று நம்பிப் பல மாதங்கள் செலவிட்டு, இறுதியில் ஏக்ஆர்பியின் கட்டமைப்பைக் கண்டறிந்த குழுக்கள் ஒன்றல்ல, பல. படிகத்தைக் கரைத்து நிறை நிறமாலையில் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த மாதங்கள் மிச்சம்.

ஆல்ஃபாஃபோல்டு கணித்த மாதிரியை வைத்துக் கட்டுரை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் கணிப்பைக் கணிப்பு என்றே சொல்ல வேண்டும். ஆல்ஃபாஃபோல்டு, அமினோ அமில வரிசையிலிருந்து புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள். கட்டமைப்புக் கணிப்பு முறைகளைச் சோதிக்கும் காஸ்ப் போட்டி 14ஆவது முறையாக 2020இல் நடந்தபோது அதன் திறன் வெளிப்பட்டது. முறை 2021 ஜூலையில் வெளியானது. 2022இல் அதன் தரவுத்தளம் 20 கோடி மாதிரிகளைத் தாண்டியது. இந்தக் கணிப்புக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோரும், கணினிவழிப் புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். கருவியின் பெருமையில் ஐயமில்லை. ஆனாலும் உங்கள் புரதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் அது எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை அதுவே 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகத் தருகிறது. 90க்கு மேல் இருந்தால் மிக நம்பகமானது. 50க்குக் கீழே இருக்கும் நீண்ட இழைகளுக்கு நிலையான வடிவமே இல்லாதிருக்கக்கூடும். அத்தகைய இழையில் ஒரு பிணைப்புக் குழியைக் கண்டதாக எழுதக் கூடாது. புரதத்தின் இரண்டு களங்கள் (தனித்தனியே மடியும் பகுதிகள்) ஒன்றையொன்று பார்த்து அமர்ந்திருக்கும் திசையைப் பற்றிப் பேசுவதானால், இந்த மதிப்பெண் போதாது. களங்களுக்கிடையே எதிர்பார்க்கப்படும் பிழையின் அட்டவணையைக் காட்ட வேண்டும்.

ஒரு சிறு பொறியையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கோப்புகளில், வழக்கமாக அணுக்களின் வெப்பக் காரணி (அணு எவ்வளவு அசைகிறது என்பதன் அளவு) இருக்கும் நெடுவரிசையில்தான் நம்பக மதிப்பெண் எழுதப்பட்டிருக்கிறது. சோதனைக் கட்டமைப்பில் அந்த எண் கூடினால் ஐயம் கூடுகிறது என்று பொருள். கணிப்பில் எண் கூடினால் உறுதி கூடுகிறது என்று பொருள். இதை மாற்றிப் புரிந்துகொண்டு, உறுதியான பகுதியைச் சிவப்பில் தீட்டி "நெகிழ்வானது" என்று எழுதிய படங்கள் மதிப்பாய்வுக்கு வருகின்றன.

கணிப்பு மாதிரிகளைப் புரதத் தரவு வங்கி 2006 அக்டோபர் முதல் ஏற்பதில்லை. மாடல் ஆர்க்கைவ் போன்ற காப்பகத்தில் கொடுங்கள். மென்பொருளின் பதிப்பையும் உள்ளீட்டு வரிசைகளையும் குறிப்பிடுங்கள். கணினி முறையையே புதிதாக உருவாக்கியிருந்தால் நிரலையும் வெளியிடுங்கள். 2024 மே மாதம் ஆல்ஃபாஃபோல்டு 3 நிரல் இல்லாமலே நேச்சரில் வெளிவந்தபோது ஆய்வாளர்கள் பலர் வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கல்விசார் பயன்பாட்டுக்காக நிரல் வெளியிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

ஜெல், பிளாட் படங்களை அழகுபடுத்தலாமா?

இவை புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் படங்கள். படம் முழுவதற்கும் ஒரே அளவில் வெளிச்சத்தைக் கூட்டலாம். ஒரு பட்டையை மட்டும் தொடக் கூடாது. வெவ்வேறு ஜெல்களை இணைத்தால் இணைப்பில் கோடு தெரிய வேண்டும். வெட்டப்படாத முழுப் படங்களைத் துணைக்கோப்பில் சேருங்கள். 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து எலிசபெத் பிக் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 விழுக்காட்டில் ஒரே படம் பொருந்தாத வகையில் மீண்டும் பயன்படுத்தப்பட்டிருந்தது தெரிந்தது. கவனக்குறைவால் நேர்ந்தவையும் அவற்றில் உண்டு. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கவனக்குறைவும் மோசடியும் ஒன்றுபோலவே தெரியும். எனவே ஒவ்வொரு படத்தின் மூலக் கோப்பையும் நாள் குறித்துப் பாதுகாத்து வையுங்கள்.

முன்பதிப்பாக வெளியிடலாமா?

தாராளமாக. மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரையைப் பொதுவெளியில் வைப்பதுதான் முன்பதிப்பு. அதற்கான தளமான பயோஆர்க்கைவ் 2013 நவம்பரில் தொடங்கியது முதல் இத்துறையில் அது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான ஆய்விதழ்கள் தடுப்பதில்லை. முன்பதிப்பு வரும் நாளிலேயே ஆயத்தொலைகளையும் வெளியிட்டால் அதன் பயன் பன்மடங்காகும்.

ஆசிரியர் வரிசையில் யாரைச் சேர்ப்பது? மொழி மாதிரிகளின் உதவியைப் பெறலாமா?

புரதத்தைத் தூய்மைப்படுத்திக் கொடுத்தவரையும், நிறமாலைக் கருவியை இயக்கி முறையை வகுத்தவரையும் நன்றியுரையோடு அனுப்பிவிடும் பழக்கம் இத்துறையில் இன்னும் இருக்கிறது, அது சரியில்லை. யார் எதைச் செய்தார் என்பதைப் பங்களிப்புப் பகுதியில் எழுதுங்கள். வரிசையைச் சோதனை தொடங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். மொழி மாதிரிகள் ஆசிரியராக முடியாது என்பது வெளியீட்டு நெறிகளுக்கான கோப் குழுவின் நிலைப்பாடு. மொழியைத் திருத்த அவற்றைப் பயன்படுத்தியிருந்தால், ஆய்விதழ் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கட்டணம் கேட்கும் ஆய்விதழ்கள் எல்லாம் போலியா?

இல்லை. திறந்த அணுகல் முறையில் செலவைக் கட்டுரையாளர் தரப்பு ஏற்கிறது. நல்ல ஆய்விதழ்கள் பலவும் அப்படித்தான் இயங்குகின்றன. வசதியற்ற நாடுகளின் ஆய்வாளர்களுக்குக் கட்டண விலக்கும் பல இடங்களில் உண்டு; அனுப்புவதற்கு முன்பே கேளுங்கள். போலியை இனங்காண இத்துறையில் ஓர் எளிய சோதனை இருக்கிறது: புதிய கட்டமைப்பையோ நிறமாலைத் தரவையோ வெளியிடும் ஆய்விதழ், தரவு வங்கியின் பதிவெண்ணைக்கூடக் கேட்காமல் ஒரு வாரத்தில் "ஏற்றுக்கொண்டோம்" என்று எழுதினால், அதை விட்டு விலகுங்கள்.

வெளியான கட்டுரையில் பிழை இருப்பதை நானே கண்டுபிடித்தால் என்ன செய்வது?

அன்றே உங்கள் சக ஆசிரியர்களிடம் சொல்லுங்கள். அடுத்து ஆய்விதழுக்கு எழுதுங்கள். மருந்துகளை உயிரணுவிலிருந்து வெளியே தள்ளும் சவ்வுப் புரதம் ஒன்றின் கட்டமைப்பு 2001இல் சயின்ஸ் இதழில் வெளிவந்து பெரிதும் பேசப்பட்டது. 2006இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் கட்டமைப்பை இன்னொரு குழு வெளியிட்டபோது இரண்டும் பொருந்தவில்லை. காரணத்தைத் தேடியபோது, அந்த ஆய்வகம் பயன்படுத்திய சொந்த நிரல் ஒன்று, தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிக் குறியைத் திருப்பிவிட்டிருந்தது தெரிந்தது. அந்தத் திருப்பத்தால் வரைபடமே கண்ணாடிப் பிம்பமாகக் கவிழ்ந்திருந்தது. தரவின் பிரிதிறன் குறைவாக இருந்ததால் பிழை யார் கண்ணிலும் படவில்லை. ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் அந்த வடிவத்தை நம்பி வேறு ஆய்வகங்கள் தங்கள் சோதனை முடிவுகளை விளக்க முயன்று திணறியிருந்தன. அந்தக் குழு என்ன நடந்தது, எந்த நிரல், எந்த நெடுவரிசை என்று வெளிப்படையாக எழுதியதால்தான் இன்று நாம் அதைப் பாடமாகச் சொல்ல முடிகிறது.

முடிவு மாறாத சிறு பிழை என்றால் திருத்தக் குறிப்பு போதும். முடிவே சரிந்துவிட்டால் திரும்பப் பெறுதலே வழி. நேர்மையான பிழைக்காகத் தானே முன்வந்து திரும்பப் பெற்றவரை இத்துறை மதிக்கிறது. ஆயத்தொலைகளில் மட்டும் பிழை இருந்தால் இப்போது வேலை எளிது. முன்பு பழைய பதிவை நீக்கிப் புதிய பதிவெண் பெற வேண்டியிருந்தது. 2019 முதல், ஒப்படைத்தவரே அதே பதிவெண்ணில் திருத்திய ஆயத்தொலைகளைப் புதிய பதிப்பாகச் சேர்க்கலாம். பழைய பதிப்பும் காப்பகத்தில் இருக்கும். எந்த நாளில் எது மாறியது என்ற குறிப்பும் அதோடு இருக்கும்.